சிஞ்ஞோராவின் பழைய சப்பாத்து

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். சிஞ்ஞோரா லவீனியாவின் வீட்டில் தை பிறந்தால் அலுமாரிக்கு மேலே இருக்கிற பனியில் சறுக்கப் போடுகிற ஸ்கீச் சப்பாத்துகள் கீழே இறங்கும். இறக்குவது விமலராணி. துடைப்பதும் விமலராணி. உள்ளுறையை இழுத்தெடுத்து, லிபெர்த்தா வீதியில் இருக்கிற நாலாம் மாடிப் பல்கனியில் வரிசையாகக் காயவைப்பதும் அவள்தான்.

விமலராணிக்கு நாற்பத்தெட்டு வயது. ஊர் இலங்கையில் மன்னார், பேசாலை. இத்தாலியின் தெற்கே பலெர்மோ வந்து பதினெட்டு வருடம். அதில் பதினாறு வருடம் இந்த ஒரே வீட்டில் வேலை; வீட்டு அம்மாவைச் சிஞ்ஞோரா என்பதுதான் அங்கே மரியாதை. பெயரில் பாதியை வெட்டிவிட்டு அவளை 'ராணி' என்றே கூப்பிடுவார்கள். வேலைக்காரியை ராணி என்று கூப்பிடுகிற வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று சிஞ்ஞோரா கேட்டதில்லை, இவளும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் என்ன, வீடு கூட்டுகிற தும்புத்தடியைக் கையில் வாங்கிக்கொள்ளப் போகிறாரா?

பெப்ரவரியில் ஒரு வாரம் வடக்கே பனிமலைக்குப் போவது பலெர்மோவின் வசதியான வீடுகளுக்கு ஒரு வழக்கம். 'வெள்ளை வாரம்' என்பார்கள். சிஞ்ஞோராவுக்கு அங்கே சொந்தமாகவே ஒரு சின்ன வீடு இருந்தது. சமைக்கவும் துடைக்கவும் ஆள் வேண்டாமா? பன்னிரண்டு வருடமாக விமலராணியும் விமானத்தில் கூடவே போனாள்.

ஸ்கீச் சப்பாத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முக்கால்வாசி முழங்கால் வரை வருகிற கெட்டிப் பிளாஸ்திக் கூடு. முன்பக்கம் நாலு கொளுக்கி. அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், நேற்றுத்தான் நடை பழகியவர் மாதிரி இருப்பார். காலில் பூட்டிய பலகை காலோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்றால் சப்பாத்து காலைக் கவ்விப் பிடிக்க வேண்டும். கவ்விப் பிடித்தால் நோகும். நோகாமல் கவ்வ வைப்பதுதான் வித்தை, அந்த வித்தை விமலராணியின் கையில் இருந்தது. மெல்லிய சொக்ஸ் ஒரே ஒன்று. நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னுக்கு மெல்லத் தட்ட வேண்டும். முழங்காலை மடித்தால் தட்டாமல் பின்னுக்கு வரவேண்டும். குதிக்கால் எழும்பக் கூடாது. மேல் கொளுக்கியை முதலில் போட்டு, பிறகு கீழே உள்ளவை. மலை வீட்டின் வாசலில், காலைக் குளிரில், முழங்காலில் நின்று சிஞ்ஞோராவுக்கும் அவருடைய மகன் ருஜ்ஜேரோவுக்கும் அவள் இதைச் செய்வாள். ஒவ்வொரு கொளுக்கிக்கும் ஒரே கேள்வி கேட்பாள்.

"நோகுதா?"

அவர்கள் இத்தாலியத்தில்தான் பதில் சொல்வார்கள், அவளும் இத்தாலியத்தில்தான் கேட்பாள். ஆனாலும் சிஞ்ஞோராவின் பேச்சு இவ்வளவு வருடத்தில் விமலராணியின் காதுக்குள் பேசாலைப் பேச்சாகவே மாறிவிட்டது. அவளுக்குக் கேட்டபடியே நாமும் கேட்போம்.

ருஜ்ஜேரோவுக்கு எப்போதும் நோகும். முப்பத்தாறு வயது அப்புக்காத்து, பலெர்மோ நீதிமன்றத்தில் குரல் எழுப்பினால் சுவர் அதிருமாம். வாசலில் சப்பாத்துப் போடும்போது மட்டும் பாலர் வகுப்புப் பிள்ளை. "ஐயோ, ராணி, இறுக்காதே!" என்று அலறுவான். அதே ருஜ்ஜேரோ பின்னேரம் மூன்றரை மணிக்கு, சரிவின் அடியில் இருக்கிற மரக்கொட்டில் பாரில், அதே சப்பாத்தோடு மேசைக்கு மேலே ஏறி நின்று ஆடுவான். கையில் சூடான மஞ்சள் குடிவகை, அதற்கு மேலே கிரீம். பாட்டுச் சத்தத்தில் கூரைப் பனி சரிந்து விழும். மேசையில் ஆடும்போது மட்டும் கால் நோகாமல் இருக்கிற மருந்து அந்த மஞ்சள் தண்ணியில்தான் இருக்க வேண்டும் என்று விமலராணி நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய வேலை, பன்னிரண்டு மணிக்குப் பிளாஸ்கில் கோப்பியும், அவர்கள் மாற்றிப் போடச் சாதாரணச் சப்பாத்துகளும் எடுத்துக்கொண்டு போய்ச் சரிவின் அடியில் நிற்பது. நின்றால் மேலேதானே பார்க்க வேண்டும்? பார்த்தாள். மன்னாரில் மலை கிடையாது. ஏறவும் இடமில்லை, இறங்கவும் இடமில்லை. தோசைக்கல் மாதிரி ஊர். முதல் வருடம் அந்த வெள்ளைச் சரிவில் ஆட்கள் வளைந்து வளைந்து இறங்கி வருவதைக் கண்டபோது அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. பயம் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம்தான் அது ஆசை என்று விளங்கியது.

இந்த ஆசைக்கு வேறொரு வேரும் இருந்தது. பலெர்மோவில் நம் சனம் ஞாயிற்றுக்கிழமைகளில் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறும், அங்கே குகைக்குள் இருக்கிற சந்தா ரொசாலியா என்ற புனிதையிடம். சைவக்காரரும் ஏறுவார்கள், மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரரும் ஏறுவார்கள்; நேர்த்தி வைத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருக்க விடுகிற கடதாசி, இழுபட்ட வருடத்தில் விமலராணியும் வெறுங்கால் நேர்த்தி வைத்தாள். கடதாசி கிடைத்தது, நேர்த்தியும் முடிந்தது. ஏறுவதை மட்டும் அவள் விடவில்லை. பக்தி முற்றிவிட்டது என்று கணவன் றோபேட் நினைத்தான். உண்மையில் அவளுக்குப் பிடித்தது இறக்கம். கல் பதித்த அந்தப் பழைய பாதை, குறுக்கே போய், திரும்பி, மறுபடி குறுக்கே போய் இறங்கும்போது உடம்பு தானாகப் போகிற மாதிரி ஒரு சுகம். இதைப் போய் எந்தச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது?

நாலு வருடத்துக்கு முன்பு துணிந்தாள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மலை வீட்டில் யாரும் இல்லை. சமையலை முதல் நாளே முக்கால்வாசி முடித்துவிடலாம். ஊர்க் கோடியில் மார்த்தா என்ற பெண் வாடகைச் சப்பாத்துக் கடை வைத்திருந்தாள். மூக்கில் வளையம், முப்பது வயது, வாய் துடுக்கு. பத்து மணிக்குச் சின்னப் பிள்ளைகளுக்கு மேட்டில் பழக்குகிறவளும் அவள்தான். விமலராணி போய் நின்றதும் முதல் கேட்டது என்ன தெரியுமா?

"ஒரு சைஸ் பெரிசாத் தாங்கோ."

சப்பாத்துக் கடைக்குப் போனால் நம் சனத்தின் வாயில் தானாக வருகிற வசனம் அது. பிள்ளைக்கென்றால் வளரும் என்று பெரிதாக வாங்குவோம். நாற்பத்துநாலு வயதில் கால் இனி எங்கே வளரப் போகிறது? பழக்கம் விடவில்லை. மற்றவர்களுக்கு மெல்லிய சொக்ஸ் ஒன்றுதான் என்று எட்டு வருடம் சட்டம் போட்டவள், தன் காலுக்கு என்று வந்ததும் கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, குளிருக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்று ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏழு பேருக்கு நடுவில் பதினொரு தரம் விழுந்தாள். சப்பாத்துக்குள் கால் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம். பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துப்போயின. மார்த்தா சொக்ஸைக் கழற்றிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு அளவான சப்பாத்துத்தான். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். வெறுங்காலோடு மலை ஏறி ஏறி அவளுடைய பாதம் முன்பக்கம் அகன்று, விரல்கள் விரிந்துபோயிருந்தன. வாடகைச் சப்பாத்து எதுவும் பக்கவாட்டில் கொள்ளாது. அரை மணிக்கூட்டில் கால் மரத்துவிடும். "சொந்தச் சப்பாத்து எண்டால் சூடாக்கி அகட்டித் தருவன்," என்றாள் மார்த்தா. "வாடகைச் சாமானை அகட்ட ஏலாது." மூன்று வருடம் விமலராணி பல்லைக் கடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் மேட்டிலும், பக்கத்து நீலப் பாதையிலும் சறுக்கினாள். பாதைகளுக்கு நிறம் உண்டு: நீலம் லேசு, சிவப்பு கடினம், கறுப்பு ருஜ்ஜேரோ போன்ற ஆட்கள் கதை சொல்வதற்கு. அவள் கண் வைத்திருந்தது சிவப்பில் ஒன்று, ஏழாம் நம்பர். கேபிள் கார் ஏற்றிவிடுகிற உச்சியிலிருந்து, அவள் பிளாஸ்கோடு நிற்கிற அதே இடத்துக்கு வந்து முடிகிற பாதை.

போன வருடம் அந்த வாரத்தின் கடைசி நாள், ருஜ்ஜேரோ தாய்க்குப் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தான். ஓட்டப் போட்டிக்காரர் போடுகிற ஒடுங்கின வகை. விலை கூடினது என்பதற்காகவே வாங்கியது. சிஞ்ஞோரா பழையதை விமலராணியிடம் நீட்டினார். சிவப்பு நிறம், வெள்ளிக் கொளுக்கி.

"இதை இந்த ஊர்க் கோயில் தர்மப் பெட்டியில போட்டுவிடு, ராணி. ஆரும் ஏழைக்கு உதவும்."

சிஞ்ஞோராவுக்கும் அவளுக்கும் ஒரே அளவுக் கால். விமலராணியின் வீட்டில் திரைச்சேலையிலிருந்து சூப் கிண்ணம் வரை சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து வந்தவைதான். பலெர்மோவில் நம் வீடுகள் பாதி அப்படித்தான் நிரம்பியிருக்கின்றன. ஆனால் அவை 'உனக்கு' என்று தரப்பட்டவை. இது கோயிலுக்கு. விமலராணி கோயில் பெட்டிவரை போய் நின்று கணக்காக யோசித்தாள். பெட்டியில் போட்டால் யாருக்குப் போகும்? வெளிநாட்டு ஏழைக்கு. நான் யார்? பாதையைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன குறைந்துவிடும்? நேரே மார்த்தாவின் கடைக்குப் போய் வைத்துவிட்டு, தன் பாதத்தின் அளவையும் எடுக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். விமானத்தில் சிஞ்ஞோரா கேட்டார், "போட்டனியே?" இவள் சொன்னாள், "ஓம்." வேறு எதுவும் இல்லை, ஒரே ஒரு 'ஓம்'.

இந்தத் தையில், பல்கனியில் சப்பாத்து உறைகள் காய்ந்துகொண்டிருந்தபோது, சிஞ்ஞோரா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ராணி, இதுதான் கடைசிமுறை. மலை வீட்டை விற்றாச்சு. எனக்கும் எழுபது ஆகப்போகுது."

விமலராணி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். வீடு போகிறதே என்று இல்லை. ஏழாம் நம்பருக்கு இனி ஒரு வாரம்தான் இருக்கிறது. தன் சொந்தக் காசில், தன் சொந்த லீவில் அந்த மலைக்கு அவள் ஒருநாளும் போகப்போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று பின்னேரம் கால்சா என்ற பழைய பகுதியில் அவர்களுடைய இரண்டு அறை வீட்டில், றோபேட்டிடம் எல்லாவற்றையும் முதல்தடவையாகச் சொன்னாள். றோபேட் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறவன். வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தான்.

"உனக்கென்ன விசரே? காலைக் கையை முறிச்சுக்கொண்டு வந்தால் ஆர் பார்க்கிறது?"

"நீர்தான்."

"சிஞ்ஞோராவுக்குத் தெரிஞ்சால்?"

"தெரியாமல்தான் செய்யப்போறன்."

றோபேட் அவளுடைய கைகளை ஒருதரம் பார்த்தான். பிறகு, "முறிக்கிறதெண்டால் இடக்கையை முறியும்," என்று சொல்லிவிட்டுச் சோற்றைத் தின்னத் தொடங்கினான். அவனிடமிருந்து கிடைக்கக்கூடிய சம்மதம் அவ்வளவுதான், அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளை வாரத்தின் திங்கட்கிழமை காலை மலையில், மார்த்தாவின் கடையில், விமலராணி அந்தச் சிவப்புச் சப்பாத்துக்குள் காலை விட்டாள். மார்த்தா பிளாஸ்திக்கைச் சூடாக்கி, முன்பக்கத்தை இருபுறமும் அகட்டி, உள்ளுறையையும் அவள் பாதத்துக்குப் படிய வைத்திருந்தாள். கவ்வியது, நோகவில்லை. நீலப் பாதையில் மூன்று தரம் இறங்கினாள், ஒருதரம் கூட விழவில்லை. நாலு வருடமாகப் பிழை தன்னில் என்று நினைத்திருந்தாள், பிழை சப்பாத்தில்.

"வெள்ளிக்கிழமை ஏழாம் நம்பர்," என்றாள் மார்த்தா. "அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் வா."

பன்னிரண்டு மணிக்குப் பிளாஸ்கோடு போய் நின்றபோது சிஞ்ஞோரா முகம் வெளுத்து இறங்கி வந்தார். புதுச் சப்பாத்து கடித்திருந்தது. பெருவிரல் மூட்டு கடந்த ஒரு வருடத்தில் இன்னும் புடைத்துவிட்டது. ஒடுங்கின சப்பாத்து அதை விடுமா? வீட்டு வாசலில் கதிரையில் இருந்தபடி காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ராணி, இஞ்சை ஆரும் இதைச் சரிப்படுத்துற ஆக்கள் இருக்கினமே?"

ஐந்து நிமிட நடையில் மார்த்தா இருந்தாள். ஆனால் சிஞ்ஞோரா அந்தக் கடை வாசலில் கால் வைத்தால், "ராணியின் சிஞ்ஞோராவா?" என்று அந்தத் துடுக்கு வாய் முதலில் கேட்கும். பிறகு எல்லாம் வெளியே வரும்.

"தெரியாது, சிஞ்ஞோரா."

முதல் 'ஓம்' சின்னப் பொய். இது அப்படி இல்லை. ஒரு மனுஷியின் கால் நோவை வைத்துச் சொன்ன பொய். விமலராணிக்கு அது தெரிந்தது, தெரிந்தும் சொன்னாள். நான் அவளுக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை சிஞ்ஞோரா இரண்டு தரம் மட்டும் இறங்கினார். புதன்கிழமை பாதி வழியில் கேபிள் காரில் திரும்பிவிட்டார். அந்த இரண்டு காலையும் விமலராணி சிவப்புச் சப்பாத்தோடு நீலப் பாதையில் இருந்தாள். கால் நன்றாக இருந்தது, மனம்தான் சரியில்லை. இறங்குகிற சுகம் வரவில்லை.

புதன் பின்னேரம் பேசினில் வெந்நீரும் உப்பும் போட்டு, சிஞ்ஞோராவின் கால்களை அதற்குள் வைத்தாள். மூட்டு இரண்டும் பழுத்த தக்காளி மாதிரிச் சிவந்திருந்தன.

"பழையது வெண்ணெய் மாதிரி இருந்தது," என்றார் சிஞ்ஞோரா. "அவன்ர ஆசைக்கு இதைப் போட்டு வந்தன். வெள்ளிக்கிழமை ஒருக்கால், ஒரே ஒருக்கால், ஏழாம் நம்பரில இறங்கினால் காணும். கலியாணம் முடிச்ச வருஷம் நானும் அவரும் முதல் முதல் இறங்கின பாதை. இனி நடவாது போல கிடக்கு."

விமலராணி தண்ணீருக்குள் கையை வைத்தபடியே இருந்தாள். அதே பாதை. அதே நாள். உலகத்தில் இருக்கிற எத்தனையோ சரிவில் இந்த இரண்டு பெண்களுக்கும் ஒன்றேதான் வேண்டியிருந்தது. பேசாமல் இருந்தால் இன்னும் இரண்டு நாளில் தன் காரியம் முடிந்துவிடும். அந்தக் கால்களைத் துவாயால் ஒற்றும்போது, பேசாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தன்மேலேயே அழுகையும் எரிச்சலும் வந்தது.

"வாறன், சிஞ்ஞோரா," என்று மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மரக்கொட்டில் பாரைத் தாண்டித்தான் மார்த்தாவின் கடைக்குப் போக வேண்டும். உள்ளே பாட்டு முழங்கியது. ருஜ்ஜேரோ மேசைமேல் நின்று கையைத் தூக்கி, "ராணீ!" என்று கத்தினான். அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். திரும்பி வரும்போது அவளுடைய கையில் சிவப்புச் சப்பாத்து இருந்தது. அவன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

சிஞ்ஞோராவுக்கு முன்னால் சோடியாக வைத்தாள்.

"உங்கட சப்பாத்து, சிஞ்ஞோரா. நான் பெட்டியில போடேல்லை."

சிஞ்ஞோராவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைப் பார்க்கத்தான் விமலராணியால் முடியவில்லை. வலது காலை உள்ளே விட்டார், எழுந்து நின்றார், முழங்காலை மடித்தார். சப்பாத்துக்குள் கால் தனியே மிதந்தது. கொளுக்கிகளைக் கடைசிப் பல்லுவரை இழுத்தும் முன்பக்கம் இறுகவில்லை.

"இது என்ர இல்லை," என்றார். "நிறம் என்ர. உள்ளுக்கு வேற ஆற்றயோ கால் இருக்கு."

"என்ர கால், சிஞ்ஞோரா."

எல்லாவற்றையும் சொன்னாள். நாலு வருடம், மார்த்தா, அகட்டினது, வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த ஏழாம் நம்பர், பொய்யாகச் சொன்ன 'ஓம்', அதைவிடப் பெரிய 'தெரியாது'. கடையில் இப்போதே கொடுத்தால் புதுச் சப்பாத்தையும் அகட்டித் தருவார்கள் என்பதையும் சொன்னாள். சிஞ்ஞோரா கடைசிவரை கேட்டார்.

"மூண்டு நாள் என்ர காலைப் பார்த்துக்கொண்டு இருந்தனி," என்றார். சத்தம் போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை சிஞ்ஞோரா காலையில் புதுச் சப்பாத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு தனியாகவே வெளியே போனார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். விமலராணியிடம் உப்புக் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை. ருஜ்ஜேரோ இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட முன்னேரத்தோடு பாருக்குப் போனான். பதினாறு வருட வேலை போயிற்று என்றே விமலராணி முடிவு கட்டினாள். பலெர்மோ போனதும் றோபேட்டிடம் என்ன சொல்வது? இடக்கையை முறித்திருந்தால் கூடச் சொல்லிவிடலாம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் வழக்கம்போல வாசலில் முழங்காலில் இருக்கப் போனாள். சிஞ்ஞோரா கையால் தடுத்தார்.

"எனக்கு இண்டைக்குக் காலமை சப்பாத்து இல்லை. இவன் தன்ரயைத் தானே போடட்டும்."

அவ்வளவுதான். இதற்கு என்ன கருத்து என்று விமலராணிக்கு விளங்கவில்லை. ருஜ்ஜேரோ கொளுக்கியோடு மல்லுக்கட்டி முனகிக்கொண்டிருந்தான். அவள் குசினியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். சிவப்புச் சப்பாத்து வாசல் மூலையில், புதன்கிழமை வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் எடுத்து எறியவில்லை. முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு? தக்காளிச் சோசை அடுப்பில் மெல்லிய நெருப்பில் விட்டுவிட்டு, சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு, பலகைக்கு மார்த்தாவின் கடைக்கு நடந்தாள்.

கேபிள் காரில் ஏறுவது இதுதான் முதல்தரம். உச்சியில் இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. ஏழு என்று எழுதிய சிவப்புத் தடி நின்றது. கீழே ஊர் தீப்பெட்டி அளவில் தெரிந்தது. பலகையைப் பூட்டினாள், சிலுவை அடையாளம் போட்டாள், சந்தா ரொசாலியாவையும் ஊரின் மடு மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். இரண்டு பேரில் யாருக்குக் கை ஒழிவோ அவர் வரட்டும்.

முதல் பகுதி நீலப் பாதை மாதிரித்தான் இருந்தது. பாதி வழியில் 'சுவர்' வந்தது. அந்த இடத்துக்கு ஊராரே வைத்த பெயர் அது. விளிம்பில் நின்று பார்த்தால் பலகையின் நுனிக்கு அப்பால் பனியே தெரியவில்லை, காற்றுத்தான் தெரிந்தது. முழங்கால் விறைத்துப் போயிற்று. பத்து வயதுகூட இராத இரண்டு பிள்ளைகள் அவளைக் கடந்து 'சர்ர்' என்று விழுந்து மறைந்தார்கள். பலகையைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு ஓரத்தால் நடந்து இறங்கினால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? நடப்பதற்கா சப்பாத்தை அகட்டினாய் என்று அவளே அவளைக் கேட்டாள்.

அப்போதுதான் பெல்லெக்ரீனோ பாதை நினைவுக்கு வந்தது. அங்கே யாராவது நேரே கீழே பார்த்துக்கொண்டு இறங்குவார்களா? குறுக்கேதான் போவார்கள். கீழ்ப்பக்கக் காலில் பாரத்தை வைத்து, வளைவு வந்ததும் திரும்பி, மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றி, மறுபடி குறுக்கே. வெறுங்காலுக்கு அது எவ்வளவோ வருடமாகத் தெரியும். விமலராணி கீழே பார்ப்பதை விட்டாள். எதிர்ப்பக்கக் கம்பத்தைப் பார்த்துக் குறுக்கே போனாள். திரும்பினாள். மறுபடி குறுக்கே போனாள். நாலாம் திருப்பத்தில் விழுந்து, இடுப்பால் பத்து மீற்றர் வழுகி, எழும்பிப் பனியைத் தட்டினாள். கையைப் பார்த்தாள், இரண்டும் முழுதாக இருந்தன. ஏழாம் திருப்பத்தில் விழவில்லை. எட்டிலிருந்து எண்ணுவதை மறந்துவிட்டாள். உடம்பு தானாகப் போயிற்று. அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, குளிரில் பல்லெல்லாம் கூசும்வரை சிரித்தாள்.

மற்றவர்கள் எட்டு நிமிடத்தில் இறங்குகிற பாதை அவளுக்கு முக்கால் மணி நேரம் எடுத்தது. கடைசி வளைவைத் தாண்டிச் சரிவின் அடிக்கு வந்தபோது, அவள் வழக்கமாக நிற்கிற அதே இடத்தில் யாரோ நின்றார்கள். கையில் பிளாஸ்க். மற்றக் கையில் ஒரு சோடித் துணிச் சப்பாத்து, பலெர்மோவின் தெருச்சந்தையில் வாங்கியது, விமலராணியுடையது.

அவள் சிஞ்ஞோராவுக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா, சோசு அடுப்பில் இருக்கிறது என்பதா?

"சுவரில விழுந்தனி," என்றார் சிஞ்ஞோரா.

"ஓம்."

"முழங்கால் விறைச்சுப்போய் நிண்டது. இஞ்சை இருந்தே தெரிஞ்சது. பிறகு மடிச்சனி. பிறகு வடிவா வந்தனி." பிளாஸ்கைத் திறந்து மூடியில் கோப்பியை ஊற்றிக் கொடுத்தார். "இன்னும் எனக்கு உன்னோட கோவம்தான். அது ஆற நாள் எடுக்கும். பலெர்மோவில வேலைக்கு வரேக்கை மிச்சத்தைப் பேசுறன். கேட்டுக்கொண்டிரு."

வேலைக்கு வரும்போது. விமலராணி அந்தச் சொல்லைக் கோப்பியோடு சேர்த்து விழுங்கினாள்.

"மார்த்தா என்ர சப்பாத்தை ரெண்டு மணிக்குத் தாறன் எண்டவள்," என்றார் சிஞ்ஞோரா. "அதுக்குள்ள நீ இன்னொருக்கால் இறங்கிப் பழகு. பின்னேரம் நான் இறங்கேக்கை உனக்காக நிண்டு நிண்டு வர ஏலாது."

"மத்தியானச் சாப்பாடு, சிஞ்ஞோரா?"

"ருஜ்ஜேரோ பாஸ்தா அவிக்கட்டும். அப்புக்காத்துக்குத் தண்ணி கொதிக்க வைக்கத் தெரியாதே?"

பிறகு அவர் கீழே பார்த்தார். இடது சப்பாத்தின் இரண்டாம் கொளுக்கி, விழுந்தபோது போலும், நழுவித் திறந்திருந்தது. விமலராணி குனியப் போனாள். பலகையும் தடியுமாக இருந்தவளுக்குக் குனிய வரவில்லை. சிஞ்ஞோரா துணிச் சப்பாத்தைப் பனியில் வைத்தார். ஒரு கையை விமலராணியின் இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி, பனியில் ஒரு முழங்காலை வைத்தார். வெள்ளிக் கொளுக்கியைப் பிடித்து ஒரு பல்லு இறுக்கினார். நிமிர்ந்து பார்த்தார்.

"நோகுதா?"

பன்னிரண்டு வருடமாக அவள் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. விமலராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட்டில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியைக் கீழே இழுத்து மூடிக்கொண்டாள்.

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்ப போ."

கையைக் கொடுத்துச் சிஞ்ஞோராவைத் தூக்கி நிறுத்திவிட்டு, விமலராணி கேபிள் கார் வரிசையில் போய் நின்றாள்.